ராணுவ டாக்டர் காட்டிய கணக்கும் செங்கல்பட்டு சொன்ன உண்மையும்!

காலை நடையை முடித்துவிட்டு மயிலாப்பூர் மாட வீதியில் காபிக்கு ஒதுங்கும் பெரியவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? மழை, பென்ஷன், பேரப்பிள்ளைகள் எல்லாம் முடிந்ததும் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். "தடுப்பூசி ஆய்வெல்லாம் பொய்க் கணக்காம் சார், பாருங்க!"

அதை அப்படியே நம்பவும் வேண்டாம், சிரித்துவிட்டு நகரவும் வேண்டாம். ஆய்வுக் கணக்கின் மீது சந்தேகம் எழுந்து, விசாரணை வரை போன சம்பவம் உண்மையிலேயே நடந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு ஆளானவர், கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி-யின் தலைவராக இருந்த டாக்டர் ராபர்ட் ரெட்ஃபீல்டு.

1992-ல் என்ன நடந்தது?

அப்போது அவர் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் மையத்தில் எய்ட்ஸ் ஆராய்ச்சியாளர். எச்.ஐ.வி வைரஸின் மேலுறையில் உள்ள 'ஜிபி160' என்ற புரதத்தைக் கொண்டு ஒரு தடுப்பூசி தயாராகியிருந்தது. தொற்று வந்தவர்களுக்கே இதைப் போட்டு, உடம்பில் வைரஸைக் கட்டுப்படுத்த முடியுமா என்று அவருடைய குழு ஆராய்ந்தது. 1991-ல் வெளியான முதல் ஆய்வில் 30 பேர் பங்கேற்றிருந்தார்கள்.

அந்தக் காலத்தின் தவிப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்தது 1986-ல். நோயை அடக்கிவைக்கும் கூட்டு மருந்துகள் வந்ததோ 1996 வாக்கில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சின்ன நம்பிக்கைகூடப் பெரிய செய்தி.

1992 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் எய்ட்ஸ் மாநாட்டில் ரெட்ஃபீல்டு பேசினார். தடுப்பூசி போட்டவர்களிடம் வைரஸ் அளவு குறைவதாகத் தெரிகிறது என்றார். சில மாதங்களில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு தடுப்பூசியின் ஆய்வுக்கென்றே 2 கோடி டாலர் ஒதுக்கியது.

விமானப்படையைச் சேர்ந்த சக டாக்டர்கள் இருவருக்கு அந்தக் கணக்கு இடித்தது. பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பலன் தெரியவில்லை என்றார்கள். கோச்சிங் சென்டர் பேனரில் முதல் மார்க் எடுத்தவர்களின் படம் மட்டும் இருக்குமே, அதைப் பார்த்து எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்ல முடியுமா? அதே சிக்கல்தான். விசாரணை வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார்கள்.

அவர் தரப்பு பதில்

தரவைத் திரித்ததாகச் சொல்லப்பட்டதை ரெட்ஃபீல்டு மறுத்தார். 1993-ல் ராணுவம் விசாரித்தது. கணக்கின் துல்லியத்தில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால், அறிவியல் மோசடி நடக்கவில்லை என்று முடிவு சொன்னது. 2018-ல் அவர் சி.டி.சி தலைவரானபோது இந்தப் பழைய விவகாரம் மீண்டும் கிளம்பியது. ஏற்கெனவே விசாரித்து முடித்த விஷயம் என்பதே அரசுத் தரப்பின் பதில்.

அவர் மனதில் என்ன இருந்தது என்பதை நாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் தடுப்பூசி பற்றிய தீர்ப்பு வந்துவிட்டது. ராணுவ ஆய்வாளர்களே 600-க்கும் மேற்பட்டவர்களிடம், ஒரு பாதிக்குத் தடுப்பூசி, மறுபாதிக்கு மருந்தில்லாத போலி ஊசி என்று பிரித்துப் போட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2000-ல் முடிவு வெளியானது. நோயாளிகளுக்குப் பலன் இல்லை!

நம் ஊர்க் கதை

இப்போது உங்கள் இடது தோளைப் பாருங்கள். சின்ன வட்டத் தழும்பு இருக்கிறதா? அது காசநோய்க்கான பி.சி.ஜி தடுப்பூசியின் அடையாளம். 1948-லேயே சென்னை கிண்டியில் இதற்கென ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள், பின்னர் நாடு முழுக்கப் போட ஆரம்பித்தார்கள்.

உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று அறிய, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தோடு கைகோத்து நடத்தியது. இன்றைய திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த சுமார் 2.6 லட்சம் பேர் பங்கேற்றார்கள். யாருக்கு பி.சி.ஜி, யாருக்குப் போலி ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டு கழித்துக் கணக்கைப் பிரித்தால் அதிர்ச்சி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி தடுக்கவில்லை!

கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட ஊசி. அரசுக்கே சங்கடம். ஆனாலும் முடிவை மறைக்கவில்லை, உலகத்துக்கே சொன்னார்கள். 15 ஆண்டுக் கணக்கையும் பின்னர் வெளியிட்டார்கள், முடிவு மாறவில்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி காக்கிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். அதைத் தவறவிடக் கூடாது.

போனில் செய்தி வந்தால்...

'அற்புத ஊசி' என்று வந்தாலும் 'மோசடி ஊசி' என்று வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

- எத்தனை பேருக்குப் போட்டார்கள்?
- ஊசி போடாத யாரோடு ஒப்பிட்டார்கள்?
- ஆய்வில் சேர்ந்த எல்லோரையும் கணக்கில் சேர்த்தார்களா?

இந்தியாவில் 2009 முதல், புது மருந்து, தடுப்பூசி ஆய்வு எதுவானாலும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே அரசின் 'சி.டி.ஆர்.ஐ' பதிவேட்டில் பதிய வேண்டும். எத்தனை பேர், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிறகு கணக்கை மாற்றினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

நாளைக் காலை காபிக் கடையில் யாராவது போனை நீட்டினால், அந்தப் பதிவேட்டை நீங்கள் திறந்து காட்டுங்கள்!