சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஆறு: கணக்கில் எழுதப்படாத கடன்

எந்த வியாபாரத்திலும் கூலி, போக்குவரத்து, வட்டி என்பன கணக்கில் எழுதப்பட்டு விடுகின்றன. ஆனால் இன்று எழுதாமல் விட்டாலும் பல வருடங்களின் பின்னர் பன்மடங்காகத் திரும்பி வரும் செலவுகளும் உள்ளன. திறந்தவெளிச் சுரங்கத் தொழிலில் அத்தகைய செலவுகளுள் முக்கியமானது, சுற்றியுள்ள ஓடைகளின் நீரைப் பாதுகாக்கும் செலவாகும். இதனை விளங்கிக்கொள்ள கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள எல்க் பள்ளத்தாக்கு சிறந்த உதாரணமாகும்.

ரொக்கி மலைத்தொடரில் அமைந்துள்ள இப்பள்ளத்தாக்கில் உருக்கு உற்பத்திக்கான நிலக்கரி வெட்டப்படுகின்றது. ஒரு தொன் நிலக்கரியைப் பெற பல தொன் பாறையை அகற்ற வேண்டியுள்ளது. அந்தக் கழிவுப் பாறை பல தசாப்தங்களாக ஓடைகள் உற்பத்தியாகும் மலைச்சரிவுகளிலும் பள்ளங்களிலும் கொட்டப்பட்டு வந்துள்ளது.

பிரச்சினை எங்கிருந்து வருகிறது?

இப்பாறைகளில் செலனியம் என்ற மூலகம் உண்டு. நிலத்துக்கடியில் இறுகிக் கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. உடைத்துக் குவித்த பின்னர் காற்றும் மழைநீரும் பனி உருகிய நீரும் பாறைத் துண்டுகளுக்கிடையே புகுந்து செலனியத்தைக் கரைத்து ஓடைக்குக் கொண்டு செல்கின்றன. பாறை தகர்க்கும் வெடிமருந்தின் எச்சத்திலிருந்து நைத்திரேற்றும் சேர்ந்துகொள்கின்றது.

செலனியம் உடலுக்குச் சிறிதளவு தேவையானதே. அளவு சற்று மீறினால் அதுவே நஞ்சாகின்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வழிகாட்டலின்படி குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமும், நீர்வாழ் உயிரினங்களுக்கு 2 மைக்ரோகிராமும் எல்லையாகும். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கலங்கிய நீரைக் கண்ணால் காணலாம். செலனியம் கரைந்த நீரோ பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். ஆய்வுகூடம் இன்றி அதை அறிய வழியில்லை.

அளப்பது எப்படி?

முதலாவதாக, சுரங்கம் தொடங்குமுன்னரே ஓடையின் நிலை பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தது ஒரு வருடமேனும் எல்லாப் பருவங்களிலும் மாதிரி எடுக்காவிடின், இயற்கையாக இருந்தது எது, சுரங்கம் சேர்த்தது எது என்று பின்னர் பிரித்துக் காட்ட முடியாது.

இரண்டாவதாக, சுரங்கத்துக்கு மேலே ஓரிடத்திலும் கீழே பல இடங்களிலும் ஒரே காலப்பகுதியில் மாதிரி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுரங்கத்தின் பங்கைக் காட்டும்.

மூன்றாவதாக, நீரின் ஓட்டத்தையும் அளக்க வேண்டும். பனி உருகி ஆறு பெருகும்போது செறிவு குறைவாகத் தெரியும். குளிர்காலத்தில் நீர் வற்றும்போது அது உயரும். வசதியான ஒரு நாளில் எடுத்த மாதிரியைக் கொண்டு முடிவு செய்வது ஏமாற்றமளிக்கும்.

நான்காவதாக, பாசி, பூச்சி, மீன் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். செலனியம் உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் சேர்ந்து மீன் முட்டையை அடைந்து, குஞ்சுகளில் ஊனத்தை ஏற்படுத்துகின்றது.

பாதுகாப்பது எப்படி?

மிகவும் மலிவான வழி, மேலிருந்து வரும் சுத்தமான நீரைக் கழிவுக் குவியலில் படவிடாமல் கால்வாய் வெட்டித் திருப்பி விடுவதாகும். வண்டல் தேங்கும் குளங்கள் சேற்றைப் பிடித்து நிறுத்தும். ஆனால் கரைந்த செலனியத்தை அவற்றால் நிறுத்த முடியாது. அதற்கு நுண்ணுயிர்களைப் பயன்படுத்தும் சுத்திகரிப்பு நிலையம் தேவை.

அதுவும் இலகுவான காரியமல்ல. அக்காலத்தில் அங்குள்ள சுரங்கங்களை நடத்திய டெக் கம்பனி, 2014 இல் வெஸ்ட் லைன் கிறீக் என்ற இடத்தில் இத்தகைய நிலையம் ஒன்றை இயக்கத் தொடங்கியது. அதே வருடம் அங்கிருந்து வெளியேறிய நீரினால் மீன்கள் இறந்தன. 2017 இல் கம்பனிக்கு 1.425 மில்லியன் கனடிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேலும், நிலையம் செலனியத்தின் அளவைக் குறைத்தபோதும், எஞ்சியது உயிரினங்கள் இலகுவில் உறிஞ்சக்கூடிய வடிவில் இருந்தமை பின்னர் தெரியவந்தது. அதனைச் சரிசெய்ய இன்னொரு சுத்திகரிப்புப் படி சேர்க்க வேண்டியதாயிற்று. மொத்த அளவை மட்டும் பார்த்திருந்தால் இது வெளிவந்திராது.

தாமதத்தின் விலை

எல்க் பள்ளத்தாக்கில் செலனியம் உயர்வது 1990களின் நடுப்பகுதியிலேயே கவனிக்கப்பட்டது. பள்ளத்தாக்கு முழுவதற்குமான நீர்த் தரத் திட்டத்துக்கு மாகாண அரசு அனுமதி வழங்கியதோ 2014 இல்தான். இடைப்பட்ட காலத்தில் கழிவுக் குவியல்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. அதே 2014 இல் ஸ்பார்வூட் நகரின் குடிநீர்க் கிணறு ஒன்று செலனியத்தால் பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது.

2012 இல் ஃபோர்டிங் ஆற்றிலும் லைன் கிறீக்கிலும் கழிவுநீர் கலந்தமைக்காக, 2021 மார்ச்சில் டெக் கோல் நிறுவனத்துக்கு 60 மில்லியன் கனடிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கனடாவின் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட தொகைகளில் மிகப் பெரியது இதுவாகும். நீரைச் சுத்திகரிக்கும் பணிகளுக்கோ ஒரு பில்லியன் டொலருக்கும் மேல் செலவாகியுள்ளதாகக் கம்பனியே கூறியுள்ளது. எல்க் ஆற்று நீர் கூகனூசா நீர்த்தேக்கம் வழியாக அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குச் செல்வதால், 2024 மார்ச்சில் விவகாரம் இரு நாடுகளின் கூட்டு ஆணைக்குழுவிடம் பாரப்படுத்தப்பட்டது.

2024 ஜூலையில் சுரங்கங்களின் 77 சதவீதப் பங்கு கிளென்கோர் கம்பனியின் கைக்கு மாறியது. உரிமையாளர் மாறினாலும் குவியல்கள் அங்கேயே உள்ளன. நிலக்கரி தீர்ந்த பின்னரும் பல தசாப்தங்களுக்கு அவற்றிலிருந்து நீர் கசியும்.

ஆகவே சுரங்கத்தில் முதலீடு செய்பவரும், அதற்குக் கடன் வழங்குபவரும், அருகில் காணி வாங்குபவரும் மூன்று விடயங்களைக் கேட்டறிவது நல்லது. தொடங்குமுன் ஓடையின் நீர் அளக்கப்பட்டதா? மாதிரிகளைச் சோதிப்பவர் யார், முடிவுகள் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றனவா? சுரங்கம் மூடப்பட்ட பின்னர் நீரைக் கவனிக்கும் செலவுக்குப் பிணைப்பணம் வைக்கப்பட்டுள்ளதா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், காட்டப்படும் இலாபத்தில் ஒரு பகுதி ஆற்றோரத்தில் வாழும் மக்களிடம் வாங்கிய கடனாகும்.