புகைபோக்கி ஓரத்தில் ஒழுகும் மழை!

ஊட்டியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கல் பங்களா கட்டத் தொடங்கினார். பிறகு வெள்ளைக்காரர்கள் பலர் அங்கு வீடு கட்டினார்கள். குளிர் காய அறைக்குள் கணப்பு அடுப்பு. புகை வெளியேற, கூரைக்கு மேல் செங்கல் புகைபோக்கி.

ஜூன் மாதம் பருவமழை தொடங்கியதும் இந்தப் பழைய வீடுகள் சிலவற்றில் கணப்புச் சுவர் நனைகிறது. ஓட்டை மாற்றினால் தீருமா? பெரும்பாலும் தீராது!

ஓட்டம் கூரையும் புகைபோக்கியும் சேரும் மூலையில் இருக்கிறது. வெயிலிலும் குளிரிலும் செங்கல் ஒரு விதமாக அசையும். மரச்சட்டக் கூரை வேறு விதமாக அசையும். நடுவே பூசிய சிமெண்டு வெடித்துவிடும். தலைமுடி அளவு வெடிப்பு போதும், மச்சுக்கு மேலே சட்டம் உளுத்துப் போகும். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. கூரையே இறங்கிய பிறகுதான் தெரியும்.

இதற்கு ஈயத் தகடு வேண்டும். அதன் மேல் விளிம்பைச் செங்கல் இடுக்கில் செருகிப் பூச வேண்டும். பள்ளப் பக்கத்தில் தகடு ஓட்டின் மேல் படிய வேண்டும்; மேட்டுப் பக்கத்தில் ஓட்டுக்கு அடியில் போக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் காசு தண்டம்!

பாசி ஓடு வழுக்கும். பழகிய ஆளே ஏறட்டும். வேலை முடிந்ததும் மேட்டுப் பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மச்சுக்குள் விளக்குடன் ஒருவர் பார்க்கலாம்.