கணினிச் செயலிக்கு இரண்டு எல்லைகள்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் வழியில் அமைந்தது ஹாலிஎல. மார்கழி இரவில் அங்கே உடல் போர்வையைத் தேடும். இத்தகைய குளிர்ந்த ஊரிலே, கணினியின் செயலியை அதற்கு விதித்த வேகத்துக்கு மேலே ஓட்டினாலும் கேடில்லை என்று எண்ணுவது எளிது. அவ்வெண்ணத்திற் பாதியே உண்மை.

கொழும்பில் அறைக்காற்று 30 பாகை செல்சியசாயும் ஹாலிஎலயில் 20 பாகையாயும் இருப்பின், ஒரே வகைக் காற்றாடியின் கீழ் இங்குள்ள செயலி ஏறக்குறையப் பத்துப் பாகை தணிந்திருக்கும். ஆனால் வெப்பம் ஓர் எல்லை. மின்னழுத்தம் வேறோர் எல்லை. வெப்பமானி முன்னதை மட்டுமே காட்டும்.

சுவரில் வரும் 230 வோல்ற் மின்சாரம், செயலியை அடையுமுன் ஒன்றேகால் வோல்ற் அளவுக்குக் குறைக்கப்படுகிறது. அங்கே கால் வோல்ற் ஏற்றமும் பெரிதே. செயலியிலுள்ள கோடிக்கணக்கான திரான்சிற்றர்களின் காப்புப் படலம் மிக மெல்லியது. அழுத்தம் மிகுந்தால் அது நைந்துபோகும். நுண்ணிய செப்புப் பாதைகளில் ஓடும் இலத்திரன்கள் உலோக அணுக்களையே மெல்லத் தள்ளிச் செல்லும். சேதம் ஒரே நாளிற் புலப்படாது. நன்றாக ஓடிய கணினி, மாதங்கள் சென்றபின் காரணமின்றி நிற்கத் தொடங்கும்.

செலவாகும் வலுவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். 1.2 வோல்ற்றை 1.4 ஆக்கி, வேகத்தைப் பத்து வீதம் கூட்டினால், வலு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பத்து வீத ஆதாயத்துக்கு இது மிகையான விலை அன்றோ!

2023இல் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில கருகியதையடுத்து, ஏஎம்டி நிறுவனம் அவற்றின் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ற் என வரம்பிட்டது. 2024 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம், தன் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் 1.55 வோல்ற்றுக்கு மேல் கோராதபடி திருத்தம் வெளியிட்டது. பழுதுற்றவற்றுள் எவரும் வேகம் கூட்டாதவையும் இருந்தன. ஆகவே 1.55 என்பதை நாள்முழுதும் கொடுக்கத்தக்க அளவாகக் கொள்ளலாகாது. அது கணநேர உச்சத்துக்கு இட்ட வேலி.

எல்லாச் செயலிக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. வெப்ப எல்லையும் ஒன்றுக்கு 89 பாகை, மற்றொன்றுக்கு 95, வேறொன்றுக்கு 100 என வேறுபடும். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், கடும் வேலையின்போது வெப்பம் எல்லைக்குப் பத்துப் பாகையேனும் கீழே நிற்கிறதா என நோக்குவதும் தக்கது. தாய்ப்பலகையின் தானியங்கி அமைப்பையும் முற்றாக நம்பலாகாது. வேகத்தைக் கூட்டியதும், சில பலகைகள் கேளாமலே மின்னழுத்தத்தையும் ஏற்றிவிடும்.