சொல்லத் தெரியாத வலி

நம் ஊர்ப்பக்கம் முதியோருக்கு நினைவு தப்பினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது முதுமையின் இயல்பன்று. மறதி நோய், அதாவது 'டிமென்ஷியா' என்னும் பிணியாக இருக்கலாம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 88 இலட்சம் பேர் இதனால் வருந்துவதாக 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது.

இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தார். நினைவுக்கு உதவும் 'அசிட்டைல்கோலின்' என்ற பொருள் இந்நோயில் மூளையில் குறைகிறது. எஞ்சியது விரைவில் சிதையாமல் காக்கிறது 'டோனபெசில்' மாத்திரை. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. சிலருக்குச் சிலகாலம் தெளிவு தருகிறது.

ஆனால் அப்பொருளுக்கு வயிற்றிலும் இதயத்திலும் தசைகளிலும்கூட வேலை உண்டு. ஆகவே சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை, தசைப்பிடிப்பு, கெட்ட கனவுகள் ஆகியன தோன்றலாம். நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுவதும் உண்டு. 'மெமண்டைன்' என்ற வேறொரு மருந்தினால் தலைவலி, தலைசுற்றல், மலச்சிக்கல் வரலாம்.

எங்கள் வீட்டு அம்மாயி மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சோற்றைத் தள்ளிவிட்டார். இரவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பிடிவாதம்" என்று நாங்கள் கடிந்துகொண்டோம். வலிக்கிறது என்று சொல்ல அவருக்குச் சொல் வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அழுத நாட்களை நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டினோம். அவர் அளவைக் குறைத்து, இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். ஒரு வாரத்தில் அம்மாயி கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

தோழியரே, வீட்டில் இத்தகைய முதியவர் இருந்தால் அவர் முகச்சுளிப்பையும், உணவையும், உறக்கத்தையும் கவனியுங்கள். இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும் நாடியைக் குறைப்பவை. எனவே உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மயக்கமோ, ஓயாத வாந்தியோ, கருநிற மலமோ கண்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சேலத்திலும், 2022 முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு.

நாம் பேசத் தெரியாத பருவத்தில், நம் அழுகையின் பொருளை அறிந்தவர்கள் அவர்கள். இன்று அவர்கள் அழுகையின் பொருளை அறிவது நம் கடன் அன்றோ?