தலை கடைசியில் வரும் குழந்தை

ஏழாம் மாத ஸ்கேனில் ‘பிரீச்’ என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். 28 வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் இடுப்போ காலோ கீழே இருக்கும். பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று, நான்குதான் மிஞ்சும். திரும்புவதற்கு முன்பே வலி வந்துவிட்டால்தான் ஆபத்து.

குறைமாதக் குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரியது. கருப்பை வாய் முழுதாகத் திறப்பதற்குள் மெலிந்த உடல் நழுவி வந்துவிடும். தலை உள்ளே சிக்கிக்கொள்ளும். கால் முதலில் வந்தால் தொப்புள்கொடி முன்னே சரிந்து நசுங்கவும் கூடும்.

சுகப்பிரசவம் என்றால், அனுபவமுள்ள மருத்துவர் குழந்தையை இழுக்க மாட்டார். இழுத்தால் அதன் கைகள் மேலே போய்விடும், கழுத்து நிமிர்ந்துவிடும். பிடிக்க நேர்ந்தால் இடுப்பெலும்பை மட்டும் பிடிப்பார். வயிற்றைப் பிடித்தால் ஈரல் காயப்படலாம். பிறகு குழந்தையை முன்கையில் தாங்கி, இரு விரல்களைக் கன்ன எலும்பில் வைத்து, தாடை மார்பில் படும்படி தலையைக் குனியவைத்து எடுப்பார்.

சிசேரியன் செய்துவிட்டால் தீர்ந்ததா? 26 நாடுகளில் 2,088 பெண்களிடம் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு, பிரீச் குழந்தைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு என்றது. ஆனால் அது நிறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. குறைமாதத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதி சரியாக உருவாகியிருக்காது; நெடுக்குவாட்டில் கீற வேண்டி வரலாம். அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தழும்பு பிரியும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சையிலும் தலை சிக்குவதுண்டு. அதனால்தான், குறைமாத வலியில் எல்லோருக்கும் சிசேரியன் என்பதை பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் பரிந்துரைக்கவில்லை. வாரம், எடை, பிரசவம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தாயின் விருப்பம் எல்லாம் பார்த்தே முடிவு. நிறைமாதமாகியும் வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு சிசேரியன்தான் பெரும்பாலும் ஏற்றது.

குடும்பத்தார் கையில் இருப்பது நேரம். பிறந்த பிறகு சின்னக் குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுசேர்ப்பது மேல். முன்கூட்டிச் சேர்ந்தால் நுரையீரல் பக்குவப்பட 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு டெக்ஸாமெத்தசோன் ஊசிகள் போட அவகாசம் கிடைக்கும்.

பனிக்குடம் உடைந்தாலோ, விட்டுவிட்டு வலி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். எத்தனையாவது வாரம், குழந்தை பிரீச் என்று முதலிலேயே சொல்லுங்கள்.