உங்களுக்குத் தெரியுமா? போலீஸுக்கும் பாடம் உண்டு!

காவலரின் வேலையில் பெரும்பகுதி பேச்சுதான். புகார் கேட்க வேண்டும், சண்டையை விலக்க வேண்டும், விசாரிக்க வேண்டும். ஆனால், பயிற்சிப் பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருவது கவாத்து மைதானம். பேசவும் கேட்கவும் போலீஸுக்குக் கற்றுக்கொடுக்க எங்கெங்கே என்னென்ன செய்தார்கள்?

● கிட்டி போட்ட காலம்
இந்தியப் போலீஸ் சீர்திருத்தத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடங்களில் ஒன்று சென்னை மாகாணம். வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் வருவாய்த் துறை ஊழியர்களும் போலீஸாரும் மக்களை வதைக்கிறார்கள் என்று புகார் எழுந்ததால் 1854-ல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்கும் ‘கிட்டி’ முதற்கொண்டு பல கொடுமைகளை 1855-ல் வந்த அறிக்கை பதிவு செய்தது. நான்கே ஆண்டுகளில், வருவாய்த் துறையின் பிடியிலிருந்து போலீஸைப் பிரிக்கும் தனிச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கான போலீஸ் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான், 1861-ல்.

● நூறாண்டுப் பழைய புகார்
‘போலீஸுக்குப் பயிற்சி போதவில்லை’ என்பது இன்று நேற்று எழுந்த பேச்சு அல்ல. 1902-03-ல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையிலான ஆணையமே இதைச் சொல்லி, முறையான பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

● பேராசிரியர் போட்ட பாடத்திட்டம்
1971-ல் போலீஸ் பயிற்சிக்கென்றே மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் காக்கிச்சட்டைக்காரர் அல்ல, எம்.எஸ். கோரே என்ற சமூகவியல் பேராசிரியர். சட்டமும் கவாத்தும் மட்டும் போதாது, மனித நடத்தையையும் சமூகத்தையும் புரிந்துகொள்ளப் பயிற்சி வேண்டும் என்பதே 1973-ல் வந்த அறிக்கையின் சாரம்.

● பணியில் சேர்ந்தபின்?
மாநிலப் போலீஸ் படைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் காவலர்களும் தலைமைக் காவலர்களும்தான். நாம் தெருவில் பார்ப்பதும் ஸ்டேஷன் வாசலில் சந்திப்பதும் இவர்களையே. 2012 முதல் 2016 வரையிலான கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வு, பணியிடைப் பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 6.4 சதவீதம் பேர்தான் என்கிறது. சட்டமும் தொழில்நுட்பமும் மாறிக்கொண்டே இருக்க, பலருக்குப் பயிற்சிப் பள்ளியில் படித்ததோடு சரி!

● ஓரிடத்தில் வாரக்கணக்கு, ஓரிடத்தில் வருடக்கணக்கு
அமெரிக்க நீதித் துறையின் 2013 கணக்குப்படி, அங்கே அடிப்படைப் பயிற்சி சராசரியாக 840 மணி நேரம். அதாவது, சுமார் 21 வாரம். அதில் துப்பாக்கிக்கு 71 மணி, தற்காப்புக்கு 60 மணி. பின்லாந்திலோ போலீஸ் ஆக விரும்புபவர் தாம்பரே நகரிலுள்ள போலீஸ் பல்கலைக்கழகக் கல்லூரியில் மூன்று வருடப் பட்டப்படிப்பு முடிக்க வேண்டும்.

● சல்யூட் வேண்டாம், பேசு!
அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பயிற்சி மையத்தில், பயிற்றுநரைக் கண்டால் மாணவர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்க வேண்டும் என்று இருந்தது. 2012-ல் பொறுப்பேற்ற சூ ரார் அதை நிறுத்தினார். எதிரே வருபவரின் முகம் பார்த்து வலியப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது புது விதி. ‘நீ போர்வீரன் அல்ல, காவலன்’ என்பதுதான் அவர் வலியுறுத்திய பாடம்.

● 600 நாடாக்கள் சொன்ன கதை
இங்கிலாந்தில் 1984-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு போலீஸ் விசாரணைகளை ஒலிநாடாவில் பதிவு செய்யும் வழக்கம் வந்தது. ஆய்வாளர் ஜான் பால்ட்வின் சுமார் 600 பதிவுகளை ஆராய்ந்து 1992-ல் முடிவுகளை வெளியிட்டார். கதைகளில் வரும் கில்லாடித் துப்பறிவாளர் யாரையும் அவற்றில் காணோம். முன்தயாரிப்பு இல்லாமல், பதற்றத்தோடு, ‘இவன்தான் குற்றவாளி’ என்ற முடிவோடு கேள்வி கேட்டவர்களே அதிகம். அதற்குள், செய்யாத குற்றத்துக்குச் சுமார் 15 ஆண்டு சிறையில் கிடந்த ‘கில்ஃபோர்டு நால்வர்’ 1989-லும், ‘பர்மிங்காம் அறுவர்’ 1991-லும் விடுதலையாகியிருந்தார்கள். இரண்டு வழக்குகளிலும் ஒப்புதல் வாக்குமூலங்களே தண்டனைக்கு முக்கிய ஆதாரம். அதன் பின்னர் வந்ததுதான் ‘பீஸ்’ என்ற விசாரணைமுறை: தயாராகு, அறிமுகம் செய்துகொள், விசாரிக்கப்படுபவரைச் சொல்ல விடு, முறையாக முடி, பிறகு மதிப்பிடு. இதற்கான பயிற்சி ஒரே வாரம். நோக்கம், ஒப்புக்கொள்ள வைப்பது அல்ல, தகவல் பெறுவது.

● மனநோயாளியிடம் பேச 40 மணி நேரம்
1987-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கத்தியால் தன்னையே கீறிக்கொண்டிருந்த மனநோயாளி ஒருவரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டே, இத்தகைய அழைப்புகளுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற குழு உருவானது. பயிற்சி 40 மணி நேரம். நோயாளிகளையும் குடும்பத்தினரையும் நேரில் சந்தித்து அவர்கள் சொல்வதைக் கேட்பதும் அதில் ஒரு பாடம். பின்னர் இது அமெரிக்கா முழுக்கப் பரவியது.

● அடி இருவருக்கும் குறைந்தது
சூட்டைத் தணித்துப் பேசும் பயிற்சி போலீஸுக்கே ஆபத்தாக முடியும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அமெரிக்காவின் லூயிவில் நகரில் அப்படியொரு பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, பலப்பிரயோக நிகழ்வுகள் 28 சதவீதமும் பொதுமக்களுக்குக் காயம் 26 சதவீதமும் குறைந்தன. போலீஸாருக்குக் காயம்? அதுவும் குறைந்தது, 36 சதவீதம்!

● வாத்தியாரே தவறு செய்தால்?
2020-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரின் கழுத்தில் மூத்த போலீஸ் அதிகாரி ஒருவர் மண்டியிட்டு அழுத்தியதில் ஃபிளாய்டு உயிரிழந்தார். உடனிருந்த மூவரில் இருவர் முழு அதிகாரியாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். அவர்களில் ஒருவருக்குக் களப்பயிற்சி கொடுத்தவரே அந்த மூத்தவர்தான். சக அதிகாரி வரம்பு மீறினால் தடுக்க வேண்டும் என்ற விதி அங்கே ஏற்கெனவே இருந்தது. ‘திருப்பிப் போடலாமா?’ என்று கேட்டார் ஓர் இளையவர், மூத்தவர் மறுத்தார், யாரும் அவரைத் தடுக்கவில்லை. நம்மூரிலும் புதுக் காவலருக்கு முதல் ஸ்டேஷன்தான் நிஜப் பள்ளி, அங்கிருக்கும் ஏட்டையாதான் வாத்தியார். அகாடமியில் எதைக் கற்றாலும் அவர் சொல்வதே நடக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் ‘ஐயா, போதும்’ என்று சக அதிகாரியிடமும் மேலதிகாரியிடமும் சொல்வதற்கே ஒரு பயிற்சியை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் 2016-ல் தொடங்கியது.

● எல்லோருக்கும் மறுபடி முதல் வகுப்பு
2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்ததும் இந்தியப் போலீஸ் முழுவதும் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. இப்போது சோதனையையும் பொருள்களைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் போக வேண்டும் என்பதும் படிப்படியாக வருகிறது.

● கைதாகும்போது பார்க்க வேண்டியது
டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கைது தொடர்பாக 11 கட்டளைகள் பிறப்பித்தது. கைது செய்பவரின் சட்டையில் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் எழுதி, குடும்பத்தினரோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பயிற்சி உறைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வறிக்கை தேவையில்லை. யாரும் கேட்காமலே கைதுக் குறிப்பைக் காவலர் எழுதுகிறாரா என்று பாருங்கள்.