லட்சமும் 'லேக்', இல்லாமையும் 'லேக்'! தெரியுமா?

ஒரே சொல். ஒரு பொருள் 'இல்லாமை'. இன்னொரு பொருள் ஒரு லட்சம்! நம்ப முடிகிறதா? கிழக்கிந்தியக் கம்பெனி நாள்களில் வெள்ளைக்காரர்கள் நம் லட்சத்தை 'லேக்' என்று எழுதினார்கள். இல்லாமையைக் குறிக்கும் 'லேக்'குக்கும் அச்சு அசலாக அதே எழுத்துகள்! 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டிப் பாருங்கள், லட்சம் அந்த வேடத்தில்தான் நிற்கிறது!

இந்த 'லேக்'கில்தான் நம்மில் பலர் வழுக்குகிறோம். 'ஐ லேக் ஆஃப் கான்ஃபிடன்ஸ்' என்கிறீர்களா? தவறு! வினைச்சொல்லாக வந்தால் 'ஆஃப்' கிடையாது. 'ஐ லேக் கான்ஃபிடன்ஸ்', அவ்வளவுதான். பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் 'ஆஃப்' ஒட்டிக்கொள்ளும்: 'எ லேக் ஆஃப் கான்ஃபிடன்ஸ்'.

'ஷார்ட்டேஜ்', 'ஷார்ட்கமிங்' இரண்டும் ஒன்றுதானே? இல்லவே இல்லை! கல்லூரியில் படித்தவர்களுக்கு 'அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்' மறக்குமா? 75 சதவீதம் வேண்டும், ஒரு மாணவருக்கு 68தான் இருக்கிறது. அளந்து பார்த்தால் போதவில்லை, அதனால் ஷார்ட்டேஜ். தண்ணீர், சிலிண்டர், ரத்தம், ஆசிரியர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். தமிழில் தட்டுப்பாடு! அந்த மாணவரின் சோம்பலோ? அது ஷார்ட்கமிங்! மனிதரின் குணத்தில், திட்டத்தில், சட்டத்தில் உள்ள குறை அது. வேலைக்கான நேர்காணலில் 'எனக்குச் சில ஷார்ட்டேஜ் உண்டு' என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்!

இலக்கு 500 மூட்டை. வந்தது 420. விடுபட்ட அந்த 80 மூட்டைக்குத் தனிப் பெயர் உண்டு, தெரியுமா? 'ஷார்ட்ஃபால்'!

பட்ஜெட் வந்தாலே காதில் விழும் 'டெஃபிசிட்' உண்மையில் ஒரு முழு வாக்கியம்! லத்தீனில் அதற்கு 'குறைகிறது' என்று பொருள். பொருள்பட்டியல் எழுதியவர்கள் காணாமல்போன பொருளுக்கு முன்னால் போட்ட வினைச்சொல், பின்னாளில் பெயர்ச்சொல்லாகிப் பல லட்சம் கோடிகளைச் சுமக்கிறது! இன்னொரு வியப்பு: டெஃபிசிட், டெஃபிஷியன்சி, டிஃபெக்ட் மூன்றும் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். ஆனால் வேலை வேறு வேறு! கணக்கில் துண்டு விழுந்தால் டெஃபிசிட். உடம்புக்கு இரும்புச்சத்தோ வைட்டமினோ போதாவிட்டால் டெஃபிஷியன்சி. வாங்கிய மிக்ஸி ஓடாவிட்டால் டிஃபெக்ட்!

மழை கொஞ்சம் குறைந்தாலே 'டெஃபிஷியன்ட்' என்று சொல்லிவிடலாமா? முடியாது! இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் வழக்கமான மழையைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால்தான் அந்தப் பெயர். 60ஐத் தொட்டால் 'லார்ஜ் டெஃபிஷியன்ட்'!

பஞ்சத்தைக் குறிக்கும் 'டர்த்' எங்கிருந்து வந்தது? 'டியர்' என்ற சொல்லிலிருந்து! ஆம், கடிதத்தில் அன்போடு எழுதுகிறோமே, அதே டியர்தான்! அதற்கு 'விலை அதிகம்' என்றும் பொருள். தானியம் அரிதானால் விலை ஏறும் அல்லவா? அந்த விலையேற்றத்தின் பெயரே பற்றாக்குறையின் பெயராகிவிட்டது!

எல்லாவற்றையும்விட என்னை வாய்பிளக்க வைத்த சொல் 'வான்ட்'! 'எனக்கு வேண்டும்' என்பதற்கு ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்டோமே, அதன் முதற்பொருள் 'இல்லை'! வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தபோது குறைவு, இல்லாமை என்றே அதற்குப் பொருள். இல்லாததைத்தானே மனம் கேட்கும்? அப்படித்தான் 'வேண்டும்' பிறகு வந்து சேர்ந்தது. 1941இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்த நான்கு சுதந்திரங்களில் ஒன்று 'ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்'. ஆசையிலிருந்து விடுதலை என்று படித்தால் புத்தர் பேசியதாகிவிடும்! ரூஸ்வெல்ட் சொன்னது வறுமையிலிருந்து விடுதலை. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரையிலும் இதே வான்ட் இருக்கிறது!

ஒரே ஓர் எழுத்து நண்பர்களையே மறையச் செய்யும், தெரியுமா? 'ஐ ஹேவ் எ ஃப்யூ ஃபிரண்ட்ஸ்' என்றால் சில நண்பர்கள் இருக்கிறார்கள். அந்த 'எ'யை எடுத்துவிடுங்கள். நண்பர்களே இல்லை என்கிற அளவுக்குச் சுருங்கிவிடும்! 'லிட்டில்', 'எ லிட்டில்' கதையும் இதுவே.

இல்லாமையைச் சொல்லும் 'லெஸ்' ஒட்டிய 'பிரைஸ்லெஸ்' என்றால் விலை போகாதது என்றா நினைத்தீர்கள்? விலைமதிப்பே இல்லாதது, அவ்வளவு உயர்ந்தது!

கடைசியாக ஒன்று. வைரத்தில் இருந்தாலும் வாதத்தில் இருந்தாலும் ஆங்கிலத்தில் குறைக்குப் பெயர் 'ஃபிளா'. 14ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் எதைக் குறித்தது தெரியுமா? வானிலிருந்து உதிரும் பனித்துகளை!